புதுப்பிப்பு: நீளும் ஆன்டெனாவை இழுத்தால் அதிர்வெண் என்னவாகும்?

வெள்ளி நானோ கம்பிகளைச் சிலிக்கோன் ரப்பரில் பதித்துச் செய்யப்படும் ஆன்டெனாக்களைப் பற்றி முன்பு எழுதிய பதிவில், இழுத்த பின்னும் அவை அதே அதிர்வெண்ணில் இயங்குமா என்று சிலர் கேட்டிருந்தார்கள்; அதற்கே இந்தப் புதுப்பிப்பு.

நேராக அமைந்த இருமுனை ஆன்டெனாவின் (நடுவில் இணைப்புக் கொடுத்த இரண்டு கைகள் கொண்டது) ஒத்ததிர்வு அதிர்வெண், அதாவது அது சிறப்பாக இயங்கும் அதிர்வெண், அதன் நீளத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். அதன் நீளம் ஏறத்தாழ அரை அலைநீளம், 2.45 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6 செ.மீ.; ஆன்டெனாவை 10% இழுத்தால் அதிர்வெண் 2.2 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கி, புளூடூத் இயங்கும் பட்டைக்கு வெளியே போய்விடும். மூட்டு மடங்குவதை அளக்கும் உணரிக்கு இது வரம். தகவல் அனுப்பும் கருவிக்கோ தொல்லை. அதனால்தான் பின்னதில் கடத்தியைப் பாம்புபோல வளைத்து அமைக்கிறார்கள்: இழுக்கும்போது வளைவுகள் விரிந்துகொடுக்கும், கடத்தியின் மொத்த நீளம் அதிகம் மாறாது.

எனக்கு இதைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிவது மின்தடைதான். இழுக்கும்போது கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, தொடுபுள்ளிகள் சில விட்டுப்போவதால், அலையாக வெளியேற வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகிவிடுகிறது. இந்த அதிர்வெண்ணில் திண்ம வெள்ளியிலேயே மின்னோட்டம் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து சுமார் 1.3 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள்தான் பாய்கிறது; இடைவெளிகள் நிறைந்த கம்பி வலைக்கு அதைவிடக் கூடுதல் தடிமன் வேண்டும். ஆனால் வலை தடித்தால் ஒளி ஊடுருவுவது குறையும்; ஒளி ஊடுருவும் ஆன்டெனா கேட்பவர்கள் விட்டுக்கொடுப்பது இந்தத் தடிமனைத்தான்.