இசைத்தட்டு ப்ரீ-ஆம்ப்: இரண்டு ட்ரான்சிஸ்டரா, ஒரு ஒப்-ஆம்பா?

வெள்ளவத்தைக்காரன்:
அப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்க, ஊசியின் சின்ன சிக்னலைப் பெருக்கும் ஒரு ப்ரீ-ஆம்ப் செய்தேன். பழைய சர்க்யூட்தான்: இரண்டு பி.சி.109 ட்ரான்சிஸ்டர், 24 வோல்ட் சப்ளை, ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தம் (தட்டு வெட்டும்போது மாற்றியதைத் திருப்பிச் சரிசெய்வது) பீட்பேக்கில், அதாவது வெளிவருவதில் ஒரு பங்கை உள்ளே திருப்பிக் கொடுக்கும் பாதையில். வெரோபோர்டில் இரண்டு இரவு போனது. பாட்டு வருகிறது, ஆனால் அடியில் விடாமல் ஒரு 'ம்ம்ம்'. வீடு தண்டவாளத்துக்குப் பக்கம், கோச்சி போகும்போது மட்டும் அது கேட்காது! அதோடு மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத்து அடித்தொனி) மெலிந்து, யாரோ மேசையில் தட்டுவது போல இருக்கிறது. "தூக்கிப் போட்டுவிட்டு ஒரு 5532 ஒப்-ஆம்ப் ஐசி (பெருக்கி முழுவதும் ஒரே சில்லில்) போடு" என்கிறான் நண்பன். ஐசி போட்டால் நான் செய்தது என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

பழைய ஈயம்:
தம்பி, இரண்டும் வேறு வேறு வருத்தம்.

முதலில் தொப்பி. தட்டு வெட்டும்போது அடிச்சுருதியைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள். நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸில் 100 மடங்கு பெருக்கினால், 20 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 1000 மடங்கு வேண்டும். உங்கள் இரண்டு ட்ரான்சிஸ்டரின் மொத்தப் பெருக்கமே சில ஆயிரம்தான், வளைவைச் சரியாகப் பிடிக்கும் பீட்பேக்குக்கு மிச்சம் ஏது? கீழே போகப் போக வளைவு சரிந்துவிடும். 5532க்கு அந்த இடத்தில் 1,00,000 மடங்கு இருக்கிறது. இரைச்சலில் நல்ல பி.சி.109 ஒன்றும் அதற்குத் தாழ்ந்ததில்லை. பெருக்கத்தின் கையிருப்பில்தான் தோற்கிறது.

'ம்ம்ம்' சப்ளையிலிருந்து வருகிறது என்பது என் சந்தேகம். கலெக்டர் ரெசிஸ்டர் வழியாகச் சப்ளையில் இருப்பதெல்லாம் நேரே வெளியே வரும். ஒப்-ஆம்ப் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ட்ரான்ஸ்போமரை ஓடவிட்டு, போர்டுக்கு மட்டும் இரண்டு 9 வோல்ட் பேட்டரி கொடுத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் சப்ளை. நிற்காவிட்டால் ட்ரான்ஸ்போமரைத் தள்ளி வையுங்கள், எர்த் வயரைப் பாருங்கள்.

சப்ளைதான் என்றால் சப்ளை வயரில் வரிசையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் பின் எர்த்துக்கு 470 மைக்ரோபாரட் கப்பாசிட்டர். 2 மில்லிஆம்பியருக்கு 2 வோல்ட்தான் இழப்பு, சப்ளையில் மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் சிற்றலை முந்நூறில் ஒரு பங்காகிவிடும்.

மல்டிமீட்டர் மாமா:
ஐசி வாங்கினால் கவனம். 5532 என்று அச்சடித்த போலிகள் நிறைய. ±15 வோல்டில் சும்மா நிற்கும்போதே ஏறத்தாழ 8 மில்லிஆம்பியர் இழுக்க வேண்டும். பாதிகூட இல்லையென்றால் அது வேறு ஏதோ. ஒருமுறை ஐந்து வாங்கினேன், மூன்று 3 மில்லிஆம்பியரில் நின்றன. கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாற்றித் தந்தார், அவருக்கும் தெரிந்திருக்கும் போல. சொக்கெட் போடாதீர்கள், கடற்காற்றில் கால் கறுத்துவிடும். நேரே சோல்டர் செய்யுங்கள்.

வெள்ளவத்தைக்காரன்:
பேட்டரியில் 'ம்ம்ம்' போய்விட்டது! 470 கிடைக்கவில்லை, இரண்டு 220ஐப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். இப்போது சப்ளையிலும் அமைதி. தட்டு தொடங்குமுன் ஊசி ஓடும் கரகரப்புத்தான் கேட்கிறது.

தொப்பி இன்னும் அப்படியேதான். சனிக்கிழமை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறேன், ஒரு 15-0-15 ட்ரான்ஸ்போமரும் இரண்டு 5532ம். மீட்டரையும் கொண்டு போகிறேன், மாமா. பி.சி.109 போர்டைக் கழற்ற மாட்டேன்.