தலைக்கு ஊற்றிய அன்று வந்த தலைவலி

குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. தங்கச்சிக்குப் பிரசவமாகி ஒன்பதாம் நாள், அம்மா வெந்நீர் விளாவித் தலைக்கு ஊற்றினார். மூன்றாவது செம்பு விழுந்ததும் "ஐயோ அக்கா" என்று இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டு மணையிலேயே சாய்ந்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் வலி விட்டது. நீர் கோத்திருக்கும் என்று சுக்குப் பத்து போட்டோம். மறுநாள் மலம் கழிக்க முக்கியபோது அதே வலி, கூடவே வாந்தி.

பக்கத்தில் ஒருவரிடம் காட்டினோம். ஒற்றைத் தலைவலி என்று சுமாட்ரிப்டான் எழுதினார். மூக்கடைப்புக்கு வாங்கிய சளி மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் அவளுக்குக் கண் மங்கியது. அப்புறம்தான் கார் பிடித்து, பள்ளிகொண்டா வழியாக வேலூர் போனோம்.

அங்கே நரம்பியல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலி உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆச்சு?" ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்றாள். அப்படி இடி மாதிரி வந்தால் ரத்தக்கசிவு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்களாம். சி.டி.யில் கசிவு இல்லை. குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோவும் அன்று சுத்தமாக இருந்தது. ஆனால் டாக்டர் விடவில்லை. குழாய் சுருங்குவது முதல் வாரத்தில் படத்தில் தெரியாமல் போகலாம் என்று சொல்லி ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தார். மணி கோத்த சரம் போல ரத்தக்குழாய் அங்கங்கே சுருங்கியிருந்தது. ஆர்.சி.வி.எஸ். என்றார், மூளையின் ரத்தக்குழாய்கள் கொஞ்ச காலம் சுருங்கிப் பிறகு விரியும் நோய். பிரசவத்துக்குப் பிறகு வரக்கூடியது, பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே விரிந்துவிடும், ஆனால் அதற்குள் பக்கவாதம் வரவும் வாய்ப்புண்டு.

அம்மா மஞ்சப்பையில் கொண்டுபோன மாத்திரைகளை மேஜையில் கொட்டச் சொல்லி, சேர்த்த அன்றே இரண்டு அட்டைகளைத் தனியே ஒதுக்கிவிட்டிருந்தார் அவர். சளி மாத்திரையும் சுமாட்ரிப்டானும். இரண்டுமே குழாயை இன்னும் சுருக்குமாம். அம்மா அழுதேவிட்டார். பத்து போட்டு நாளைக் கடத்தியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

குழாயைத் தளர்த்தும் நிமோடிபின் மாத்திரை கொடுத்தார்கள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ராத்திரி இரண்டு மணிக்கும் அலாரம் வைத்து எழுப்புவேன். பி.பி. இறங்கிவிடும் என்பதால் நர்ஸ் பார்த்த பிறகே மாத்திரை. முக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, வெந்நீர் தலையில் படவே கூடாது. இரண்டு வாரத்தில் வலி வருவது நின்றது.

மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அன்று சாயங்காலம் தலைக்குக் குளிக்கப் போனவள், செம்பைத் தூக்கியபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். "நீ இங்கயே இரு அக்கா" என்றாள். இருந்தேன்.