தாத்தா கொண்டுவந்த பி.38: குழல் எண் மட்டும் ஒத்துப்போகவில்லை

அமெரிக்கப் படையில் இருந்த தாத்தா 1945-இல் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த வால்தர் பி.38 கைத்துப்பாக்கி இது. விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

ஸ்லைடின் (மேலே முன்பின் நகரும் பாகம்) இடப்பக்கம் 'பி ஒய் எஃப் 44' என்ற முத்திரை. அதாவது மவுசர் தொழிற்சாலை, 1944. கழுகு முத்திரைக்குக் கீழே 135 என்ற ஆய்வாளர் எண்ணும் இருக்கிறது. மவுசருக்கு அது பொருந்தும். ஸ்லைடிலும் உடல் சட்டத்திலும் சீரியல் எண் ஒன்றே: நான்கு இலக்கம், பின்னால் ஓர் எழுத்து. குழலின் அடிப்பகுதியில் மட்டும் வேறு எண், அதுவும் எழுத்து இல்லாமல்.

மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்துப் பூட்டி, குண்டறை காலி என்று கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்த்தாயிற்று. பிறகுதான் சட்டத்தின் முன்பக்க நெம்புகோலைத் திருப்பி, ஸ்லைடையும் குழலையும் சேர்த்து முன்பக்கமாக உருவி எடுத்தது. அதனால் எண்ணைத் தவறாகப் படித்திருக்க வாய்ப்பில்லை.

கேள்விகள் இரண்டு. குழலை மாற்றியது போர்க்காலப் பட்டறையா, பிற்காலத்தில் யாரோவா? குழலில் உள்ள எந்த முத்திரையை வைத்துப் பிரித்தறிவது? அடுத்து, போர்ப்பொருளை வீட்டுக்குக் கொண்டுவர மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச்சீட்டு மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. ஒட்டுநாடா போடக்கூடாது, பசை காகிதத்தை மஞ்சளாக்கும் என்பது தெரியும். வேறு வழி?

மெருகேற்றச் சொல்லி யாரும் எழுத வேண்டாம். பழைய கருநீலப் பூச்சு போனால் மதிப்பும் போய்விடும். மென்துணியும் லேசான எண்ணெயும் போதும். சுடுகிற எண்ணமும் இல்லை. இந்த ரகத்தில் தேய்ந்த பாகங்களோடு குண்டேற்றி, பாதுகாப்பு நெம்புகோலால் சுத்தியலை இறக்கினால் வெடித்துவிடக்கூடும்.