கை என்றேன், ஹேண்ட் என்று எழுதினார்கள்

வெள்ளவத்தை வாசகி:
2022 ஏப்ரல், மின்வெட்டு நேரம், இரவு எட்டு மணி இருக்கும். அம்மாவுக்கு இடது கை நோவு. வியர்த்துக் கொட்டியது, ஆனால் ஃபேன் இல்லாத வீட்டில் எல்லோருக்கும்தான் வியர்த்தது. ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனோம். இளம் டொக்டர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் "லெஃப்ட் ஹேண்ட் பெயின்" என்றேன். அவர் அம்மாவின் விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார். விழுந்தாரா, பாரம் தூக்கினாரா என்று கேட்டார். துண்டில் "ஹேண்ட்" என்று எழுதி எக்ஸ்ரேக்கு வாங்கில் உட்கார வைத்தார்கள்.

இருபது நிமிடம் அந்த வாங்கில் இருந்தோம். வயதான மிஸி ஒருவர் அந்தப் பக்கம் போனவர், நின்று அம்மாவைப் பார்த்தார். எங்கே நோகிறது, தொட்டுக் காட்டுங்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா தோளில் இருந்து முழங்கை வரை ஒரு கோடு இழுத்துக் காட்டினார். மிஸியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். உடனே ஈசிஜி. மாரடைப்பு.

அம்மா இன்று நலம். ஆனால் "ஆர்ம்" எனக்குத் தெரியாத சொல்லா? சின்ன வகுப்பில் படித்தது. மனதில் கை என்று வந்தது, வாயில் ஹேண்ட் என்று போய்விட்டது. மணிக்கட்டுக்குக் கீழே உள்ளதுதான் ஹேண்ட் என்பது அந்த நேரம் நினைவில் இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
தங்கச்சி, இதில் உங்கள் பிழை என்ன இருக்கிறது? சிங்களத்திலும் "அத" என்ற ஒரு சொல்தான், தோள் முதல் விரல் வரை எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த மிஸிக்கு அது தெரியும், அதனால்தான் தொட்டுக் காட்டச் சொன்னார். டொக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வியர்த்துக்கொண்டு இடது கை நோவு என்று வரும் வயதான பெண்ணுக்கு முதலில் ஈசிஜி எடுக்காதது அவருடைய தவறு. ஆங்கிலத்தின் மேல் பழியைப் போட்டு அவரைத் தப்பவிடாதீர்கள்.

எனக்கு நடந்தது கால். அப்பாவுக்கு நீரிழிவு, பாதத்தில் புண். கிளினிக்கில் "லெக்" என்று சொல்லிவிட்டேன். நீளக்காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்றார்கள். நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது.

பம்பலப்பிட்டி, ஐடி வேலை:
கொட்டாஞ்சேனை அண்ணா சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. கேட்பவர் எப்போதும் நம் ஊர்க்காரராக இருக்க மாட்டாரே. லண்டன் வாடிக்கையாளருக்கு, பில்லைப் பற்றி "ஐ ஹாவ் எ டவுட்" என்று எழுதினேன். டியூசன் மாஸ்டர் "சந்தேகம் இருந்தால் கேளுங்கோ" என்பாரே, அந்தச் சந்தேகம். இந்தியாவிலும் இங்கேயும் அது வெறும் கேள்விதான். அவர்களுக்கு டவுட் என்றால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். அன்று பின்னேரமே அழைப்பு வந்தது. "எங்கள் கணக்கில் எதை நம்ப முடியவில்லை?" என்று மிக அமைதியாகக் கேட்டார். அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், தெஹிவளை:
எனக்கு ஒரு தாயின் சொல். வாக்குமூலம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். மகன் காணாமல் போனார் என்பதை "வென்ட் மிஸ்ஸிங்" என்று எழுதி, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். படத்தை மடியில் வைத்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ர பிள்ளை காணாமல் போகேல்லை தம்பி. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தனான்."

காணாமல் போனார், காணாமல் ஆக்கப்பட்டார். தமிழில் வினை ஒன்று மாறினால் போதும், செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் "மிஸ்ஸிங்" என்றால் ஆள் எங்கே என்று தெரியவில்லை, அவ்வளவுதான். "டிஸப்பியர்ட்" என்பதும் வழக்கமாகத் தானாக மறைவதைத்தான் சொல்லும். அதனால்தான் காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிராக 2006 இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையில் "என்ஃபோர்ஸ்ட்", அதாவது வலிந்து செய்யப்பட்ட, என்ற சொல் முன்னால் நிற்கிறது. இங்கே 2018 இல் வந்த 5 ஆம் இலக்கச் சட்டமும் அந்தச் சொல்லோடுதான் இருக்கிறது. 2016 இல் சட்டமாகிய, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது "மிஸ்ஸிங்". போரில் காணாமற்போன படையினர் உட்பட எல்லோரையும் அது சேர்த்துக்கொள்வதால் அந்தப் பெயர் பொருந்தலாம். அந்தத் தாய்க்கு அது பொருந்தவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முதலில் இருந்து எழுதினேன்.

முகத்துவாரம் டீச்சர்:
மரத்தின் "ஷடோ"வில் இருந்து சாப்பிட்டோம் என்று ஒரு பிள்ளை கட்டுரையில் எழுதியது. சிவப்புப் பேனாவால் வெட்டினேன். "ரெண்டும் நிழல்தானே டீச்சர்?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. இவ்வளவுதான் என் கதை.

ஆனால் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலச் சொல்லைத் தனியாகப் பாடமாக்காதீர்கள், தமிழ்ச் சொல்லில் இருந்து தொடங்குங்கள். எந்தத் தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். விரல்: கையில் ஃபிங்கர், காலில் டோ. வெட்கம்: கூச்சம் என்றால் ஷை, தப்புச் செய்து குறுகினால் அஷேம்ட். மறுத்தார்: குற்றச்சாட்டை என்றால் டினைட், கேட்டதைச் செய்ய என்றால் ரிஃப்யூஸ்ட். நிழல்: வெயிலுக்கு ஒதுங்கும் இடம் ஷேட், ஆளின் உருவம் தரையில் விழுந்தால் ஷடோ. இப்படி முப்பது நாற்பது சேர்த்தாலே பாதிப் பிழை குறையும். அகராதி பார்த்தால் அர்த்தத்தோடு நிற்காமல் உதாரண வசனத்தையும் வாசியுங்கள், வேறுபாடு அங்கேதான் விளங்கும். அப்புறம், வெள்ளவத்தைப் பிள்ளை, அடுத்த முறை ஓட்டோ தேடி நிற்காமல் 1990 இற்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சொல்லில் மட்டும் சொல்லாமல் தொட்டும் காட்டுங்கள்.

வெள்ளவத்தை வாசகி:
டீச்சர், நான் ஆலோசனை கேட்டு எழுதவில்லை, ஆனாலும் கொப்பி தொடங்குகிறேன். கொட்டாஞ்சேனை அண்ணா, டொக்டரைப் பற்றி நீங்கள் சொன்னதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எங்கே நோவு என்று யார் கேட்டாலும் அவர் வாயைத் திறப்பதற்கு முன் விரலை அந்த இடத்தில் வைத்துவிடுகிறார்.