தாந்தே வகுப்புக்கு யார் காசு கொடுப்பது?

ஏட்டுச்சுவடி:
2010 அக்டோபரில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆல்பனி வளாகம், பிரெஞ்சு, இத்தாலியம், ரஷ்யம், செவ்வியல் மொழிகள், நாடகம் ஆகிய ஐந்து படிப்புகளுக்கும் சேர்க்கையை நிறுத்துவதாக ஒரே மூச்சில் அறிவித்தது. 2023இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் அயல்மொழிப் பட்டப்படிப்புகளைத் தூக்கியது. இரண்டு இடத்திலும் சொன்ன காரணம் பணம். இத்தாலியத் துறை இப்படிச் சுருங்கும்போது சுற்றுலாவுக்கும் சமையலுக்கும் உதவுகிற பேச்சு வகுப்பு எப்படியாவது தப்பித்துவிடும். தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சியோ என்ற 14ஆம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்தாளர்கள் காலத்து இலக்கியத்துக்குத்தான் ஆபத்து. இதற்குப் பல்கலைக்கழகம் தன் கைக்காசைப் போட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி. எதிர்க்கட்சி வரலாம்.

கணக்குப்பிள்ளை:
வந்துவிட்டேன். நான்கு பேர் உட்காரும் வகுப்புக்கு ஒரு முழுநேரப் பேராசிரியர். அவர் சம்பளம் எங்கிருந்து வருகிறது? கடன் வாங்கிப் பொறியியல் படிக்கிற பையனின் கட்டணத்திலிருந்து. அவனைக் கேட்டீர்களா? வகுப்பை மூடினால் தாந்தே செத்துவிடுவார் என்பதெல்லாம் சும்மா. 2006இல் ரொபெர்த்தோ பெனீனி ஃபுளோரன்ஸில் சாந்தா குரோச்சே சதுக்கத்தில் மேடை போட்டுத் தாந்தே காவியத்தின் ‘நரகம்’ பகுதியை விளக்கினார். நகைச்சுவை நடிகர் சார் அவர், பேராசிரியர் இல்லை. ஊரே உட்கார்ந்து கேட்டது.

ஏட்டுச்சுவடி:
ஃபுளோரன்ஸ் என்றதும் நல்ல ஞாபகம் வந்தது. 1373இல் அந்த ஊர்க்காரர்கள் நகராட்சிக்கு ஒரு மனு கொடுத்தார்கள். தாந்தேயின் நூலைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆளை அமர்த்துங்கள் என்று. லத்தீன் தெரியாதவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது கோரிக்கை. மன்றத்தில் ரகசிய வாக்கெடுப்பு, அவரைக்கொட்டை போட்டு. ஆதரவு 186, எதிர்ப்பு 19. பொக்காச்சியோவுக்கு வேலை கிடைத்தது, ஆண்டுக்கு 100 ஃபுளோரின் பொற்காசு சம்பளம். தாந்தே இறந்து 52 வருடம்தான் ஆகியிருந்தது. அவரை நாடு கடத்திய அதே ஊர், அவர் பாட்டை விளக்கப் பொதுப்பணம் எடுத்துக் கொடுத்தது. உங்கள் பெனீனிக்கு முன்னோடியே சம்பளம் வாங்கிய ஆள்தான்.

கணக்குப்பிள்ளை:
அந்த 19 பேரில் நான் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள் :)
மிச்சத்தை ஏன் சொல்லவில்லை? அக்டோபரில் தொடங்கினார், அடுத்த ஜனவரியில் நின்றுபோனது. நரகத்தில் மொத்தம் 34 காண்டம், அவர் 17இல் நிறுத்திவிட்டார். அதுவும் சாந்தோ ஸ்தேஃபனோ தேவாலயத்தில் நடந்த ஊர்க்கூட்டம். பல்கலைக்கழகமே இல்லை.

ஏட்டுச்சுவடி:
உடம்பு சரியில்லாமல் நிறுத்தினார், பாவம். 1375 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். அதைப் பாடத்திட்டம் முடிக்காத வாத்தியார் கணக்கில் எழுதுவீர்களா?

மைக்கறை:
நடுவில் நுழைகிறேன். இத்தாலியில் ஒரு நகரத்தில் இரண்டு வருடம் சுவடி படிக்கப் பழகியவள். நீங்கள் இருவரும் மேடையையும் வகுப்பையும் பேசுகிறீர்கள். எனக்கு அதற்குக் கீழே இருப்பதுதான் கவலை.

தாந்தே தன் கையால் எழுதிய ஒரு வரிகூட இன்று இல்லை. அவருடைய காவியத்துக்குச் சுமார் 800 கைப்பிரதிகள் இருக்கின்றன, ஒன்றுபோல் ஒன்று இல்லை. நரகம் 5ஆம் காண்டத்தில் செமிராமிஸ் ராணி வருகிறாள். அச்சில் நாம் படிப்பது ‘சுச்செதெத்தே ஆ நீனோ’, அதாவது நீனோவுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவள், அவன் மனைவி. சில இடங்களில் இதுவே ‘சுஜ்ஜெர் தெத்தே ஆ நீனோ’ என்று இருக்கும். நீனோவுக்குப் பால் கொடுத்தவள், அவன் மனைவி! சில எழுத்து மாறியதும் ராணி, மகனையே மணந்த தாயாகிவிடுகிறாள். அந்தக் காண்டமே காமத்தால் கெட்டவர்களுக்கான இடம் என்பதால் இரண்டாவது வாசகத்துக்கும் வக்காலத்து வாங்க ஆள் இருந்தது. எது சரி என்று எப்படித் தீர்ப்பது? தாந்தே படித்திருந்த ஒரோசியஸின் லத்தீன் வரலாற்றில் ‘கணவன் இறந்தபின் செமிராமிஸ் ஆட்சிக்கு வந்தாள்’ என்ற வாக்கியம் கிடக்கிறது. அதனால் முதல் வாசகம் நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க லத்தீன் வேண்டும், பழைய இத்தாலியம் வேண்டும், கையெழுத்து படிக்கத் தெரிய வேண்டும். பெத்ரோக்கி என்ற அறிஞர் 1966-67இல் கொண்டுவந்த பதிப்பு 1355க்கு முந்தைய பிரதிகளை மட்டும் எடுத்துக்கொண்டது, அதற்கே வருடக்கணக்கில் உழைப்பு. பெனீனி மேடையில் ஒப்பித்த வரிகளெல்லாம் இப்படி யாரோ சம்பளத்தில் உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தவை.

கணக்குப்பிள்ளை:
அக்கா, இது நியாயமான பேச்சு. பிரதிக்குப் பிரதி மாறும் பாடபேதம் பார்க்க ஆள் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஊருக்கு ஒரு துறை எதற்கு? ஃபுளோரன்ஸிலேயே இத்தாலிய அரசின் ஆய்வு மன்றம் ஓர் அகராதி நிறுவனம் நடத்துகிறது, 1375 வரையான இத்தாலியச் சொற்களுக்கு அகராதி தொகுத்து, முடிந்தவரை இணையத்தில் இலவசமாக விட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரித் தளத்தில் 70க்கும் மேற்பட்ட தாந்தே உரைகள், தேடிப் படிக்கலாம். எல்லாம் கைக்குள் இருக்கிறது. ஆல்பனியில் எதற்கு ஒரு பேராசிரியர் நாற்காலி?

மைக்கறை:
டார்ட்மத் தளத்தைத் தொடங்கியவர் ராபர்ட் ஹாலண்டர், பிரின்ஸ்டனில் தாந்தே நடத்திய பேராசிரியர். அந்த நாற்காலி இல்லாவிட்டால் அந்தத் தளம் ஏது தம்பி? அந்த அகராதிக்கு நாளைக்கு ஆள் எடுக்க வேண்டுமானால், எங்கோ நான்கு பேர் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரைத்தான் எடுக்க முடியும். என் வகுப்பில் ஆறு பேர். ஒருத்தி இப்போது சுவடிப் பட்டியல் போடுகிறாள், மற்றவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டோம். அந்த ஒருத்திக்காக ஆறு பேருக்கு நடத்தத்தான் வேண்டியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் ஆசை உள்ளவர்கள் பணம் போடட்டும். 1918 வாக்கில் ஆர்தர் செரீனா என்ற வணிகர் கொடுத்த பணத்தில்தான் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மான்செஸ்டர், பர்மிங்காம் நான்கிலும் இத்தாலியப் பேராசிரியர் இருக்கை வந்தது. ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் யார் திரட்டியது? நாம்தானே? ஹார்வர்டின் கைக்காசையா கேட்டோம்?

நடைபாதை:
இதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கொடையாளி பேச்சு வந்ததால் ஒன்று. கொடை வந்தால் அது தாந்தே பெயருக்குத்தான் வரும். அமெரிக்காவின் நோத்ர தாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜாம் என்ற பாதிரியார், அவரே அறிவியல் பேராசிரியர், 1902இல் இத்தாலியிலிருந்து ஒரு பெரிய தாந்தே நூல் சேகரிப்பை வாங்கிப் போட்டார். அதை மையமாக வைத்து முறையான தாந்தே ஆய்வுத் திட்டம் வந்தது டெவர்ஸ் குடும்பம் கொடை கொடுத்த பிறகு, 1990களில். நடுவில் கிட்டத்தட்ட 90 வருடம். சரி, தாந்தேக்காவது வந்தது. ஜாக்கோமோ தா லெந்தினிக்கு எவன் கொடுப்பான்? 13ஆம் நூற்றாண்டுப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் சிசிலி அரசவையில் பத்திரம் எழுதும் நோட்டரி. 14 வரி சானெட் வடிவம் அவர் கையில்தான் பிறந்தது என்பார்கள். ஷேக்ஸ்பியர் வரை போன சரக்கு. அந்தச் சிசிலிப் பாட்டுகளும் பெரும்பாலும் ஃபுளோரன்ஸ் பக்கத்துத் தஸ்கனிக்காரர்கள் தங்கள் பேச்சுக்கு மாற்றி எழுதிவைத்த பிரதிகளில்தான் பிழைத்திருக்கின்றன. மூலச் சிசிலிய ஒலி எப்படி இருந்தது என்று தோண்டுவது தனி வேலை. அதற்கு அறக்கட்டளை வைக்கிற கோடீஸ்வரரை நான் பார்த்ததில்லை. கொடையை மட்டும் நம்பினால் சிலை இருப்பவனுக்கே மாலை விழும்.

ஏட்டுச்சுவடி:
இதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தாந்தேயைத் தூக்கிப் பிடித்து வாதத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

கணக்குப்பிள்ளை:
ஆமாம், கெடுத்துக்கொண்டீர்கள். நோட்டரி கதை எனக்குப் புதிது. பையனின் கட்டணம் பற்றிய என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, அது அப்படியே இருக்கட்டும். ஒரு சந்தேகம்: அந்த 1373 வாக்கெடுப்பில் ஆதரவுக்கு என்ன நிறக் கொட்டை?

ஏட்டுச்சுவடி:
கறுப்பு. வெள்ளை போட்டால் எதிர்ப்பு.

கணக்குப்பிள்ளை:
நம்ம ஊருக்கு நேர்மாறு போல. சரி, தாந்தே இருக்கைக்கு என் கையில் வெள்ளைதான். அந்தச் சிசிலி நோட்டரிக்கு என்றால், ஐந்து வருடத்துக்கு மட்டும், கறுப்பு.

மைக்கறை:
ஐந்து வருடத்தில் ஒரு பிரதியை ஒழுங்காகப் படித்து முடிக்கலாம். எடுத்துக்கொள்கிறேன்.