மேல்மாடி டிவிக்கு வயர்லெஸ் பிரிட்ஜ்: எதை எடுக்கலாம்?

உப்புவெளிக்காரன்:

உப்புவெளியில் வாடகை வீடு. ஃபைபர் ரவுட்டர் கீழே முன் விறாந்தையில், டிவியும் பிஎஸ்4-உம் ஏவி ரிசீவரும் மேல்மாடியின் பின் அறையில். இடையில் கொங்கிறீட் தளமும் இரண்டு சுவரும். படமெல்லாம் கீழே உள்ள கம்ப்யூட்டரில், ஜெல்லிஃபின் (வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள படத்தை டிவிக்கு அனுப்புகிற சேர்வர் மென்பொருள்) போட்டு ஓட்டுகிறேன். யூடியூப் ஒருமாதிரி ஓடும், சொந்தப் படத்தைப் போட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். படிக்கட்டில் சுவரில் செருகுகிற ரிப்பீட்டர் ஒன்று இருக்கிறது, அதால் பெரிய பிரயோசனம் இல்லை. வீட்டுக்காரர் துளை போட விடமாட்டார். மூன்று சாமானையும் வயரில் கொழுவி, அங்கிருந்து கீழே வயர்லெஸ்ஸில் போகிற மாதிரி பிரிட்ஜ் ஒன்று வேண்டும். பெட்டிகளில் ஏசி1200, ஏசி1750, ஏஎக்ஸ்3000 என்று என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். விளங்கின ஆட்கள் சொல்லுங்கள்.

சாம்பல்தீவான்:

தம்பி, முதலில் அந்த நம்பரை மறந்துவிடுங்கள். ஏசி1200 என்றால் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் 300 மெகாபிட், 5 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் 867, இரண்டையும் கூட்டி மேலே தள்ளி எழுதினது. பிரிட்ஜ் ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் ஓடும், அந்த 867-இலும் ஒரே அறைக்குள் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தாலே சந்தோசப்பட வேண்டியதுதான். ஏஎக்ஸ்3000-இல் வருகிற 2402 என்பது 160 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் ஓடினால் மட்டும். அந்த அகலம் வேண்டுமென்றால் ராடார் பாவிக்கிற சேனல்களுக்குள் கால் வைக்க வேண்டும், ராடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும் என்பது சட்டம். ஒரு பக்கம் கடற்படைத் தளம், மறுபக்கம் சீனன்குடா விமானத்தளம் இருக்கிற ஊரில் அதற்காகக் காசு கொடுக்க நான் மாட்டேன். 36 முதல் 48 வரை உள்ள சேனலில், 80 அகலத்தில் பேசாமல் ஓட்டுங்கள்.

அப்புறம், எவ்வளவு தேவை என்று பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கு 15 மெகாபிட் காணும் என்று அவர்களே சொல்கிறார்கள். 1080 புளூ-ரேயை அப்படியே எடுத்து வைத்திருந்தால் வீடியோ மட்டும் 40 வரை ஏறும். 4கே டிஸ்க் ஃபைல் என்றால் இடைக்கிடை 100-ஐத் தாண்டும், அங்கே வயரும் உதவாது, ஏனென்றால் அநேக டிவிகளின் லான் போர்ட்டே 100 மெகாபிட்தான். வாங்குகிற பெட்டியின் போர்ட் கிகாபிட்டா என்றும் பாருங்கள். டிபி-லிங்க்கின் ஆர்ச்சர் சி50 ரவுட்டர் ஏசி1200தான், ஆனால் போர்ட் 100. சி6-இல் கிகாபிட்.

கடைக்காரன்:

வீட்டுக் கரண்ட் வயரிலேயே நெட்டை அனுப்புகிற பவர்லைன் அடாப்டர் போட்டால் துளையும் வேண்டாம் தொல்லையும் வேண்டாம். பிளக்கில் செருகினால் சரி.

சாம்பல்தீவான்:

வயரிங் நல்லதாக இருந்தால் சரி. பழைய வீட்டில் ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடத் தொடங்கினதும் வேகம் விழும், த்ரீ ஃபேஸ் வீட்டில் மேலும் கீழும் வேறு ஃபேஸ் என்றால் சில நேரம் ஒன்றையொன்று கண்டுபிடிக்கவே மாட்டாது. சேர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷனில் செருகினாலும் சிக்னல் செத்துவிடும். திருப்பி எடுக்கிற கடை என்றால் வாங்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

உவர்மலை அக்கா:

எல்லோரும் வேகத்தையே கதைக்கிறீர்கள். பிரிட்ஜில் ஆட்கள் மாட்டுப்படுகிற இடம் வேறு. சாதாரண வைஃபை இணைப்பில், ரவுட்டருக்குத் தன்னோடு இணைந்த பெட்டியின் மேக் முகவரி (ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள தனி அடையாள எண்) மட்டும்தான் தெரியும், அதற்குப் பின்னால் வயரில் நிற்கிற டிவி, பிஎஸ்4 யாரையும் தெரியாது. அதனால் மலிவான பிரிட்ஜ்கள் எல்லாவற்றையும் தன் முகவரியிலேயே அனுப்பி, திரும்பி வருவதைத் தானே பிரித்துக் கொடுக்கும். அநேகமாக வேலை செய்யும். ஆனால் டிவி டிஎல்என்ஏ-யில் (வீட்டு நெட்வேர்க்கில் படச் சேர்வரைத் தானே கண்டுபிடிக்கிற முறை) சேர்வரைத் தேடினால் சில நேரம் காணாமல் போகும், சரியான முகவரி கிடைக்காமல் அடம் பிடிக்கும். இரண்டு முனையும் டபிள்யூடிஎஸ் (பின்னால் நிற்கிற சாமான்களின் முகவரியையும் சேர்த்து அனுப்புகிற முறை) தெரிந்த பெட்டியாக இருந்தால் இந்தத் தலையிடி இல்லை. கம்பனி கொடுக்கிற ஃபைபர் ரவுட்டர்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது.

நான் என்றால் ஒரே மாதிரி இரண்டு பெட்டி வாங்குவேன். ஒன்றை ஃபைபர் ரவுட்டரில் வயரால் கொழுவி, மற்றதை மேலே வைப்பேன். மைக்ரோடிக் ஹேப் ஏசி² ரவுட்டர் இரண்டு என்றால் அதே வேலையைச் செய்கிற ஸ்டேஷன்-பிரிட்ஜ் மோட், அல்லது ஆர்ச்சர் சி6 இரண்டுக்கு ஓபன்-டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றி டபிள்யூடிஎஸ். சி6-க்கு அடியில் ஸ்டிக்கரில் உள்ள வேர்ஷனைப் பார்த்து வாங்குங்கள், எல்லா வேர்ஷனிலும் ஏறாது. உங்கள் ரிப்பீட்டர் திணறுவதற்கும் காரணம் இருக்கிறது: ஒரே பட்டையில் வாங்கி அதே பட்டையில் திருப்பிக் கொடுப்பதால் வேகம் பாதியாகும்.

சிலர் வெளியில் பூட்டுகிற, ஒரே திசையில் தூரத்துக்கு அனுப்புகிற சிபிஇ அன்டெனா வாங்கச் சொல்வார்கள். அது வளவின் அந்தத் தொங்கல் அனெக்ஸுக்குப் பாயச் செய்யத்தான், வீட்டுக்குள் தளத்தைத் துளைக்க அல்ல. உப்புவெளிக் கடற்காற்றில் போர்ட் பச்சை பிடிப்பது வேறு கதை.

இன்னொன்று. பிரிட்ஜ் டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? லாப்டாப்பிலும் கீழே உள்ள கம்ப்யூட்டரிலும் ஐபெர்ஃப் (இரண்டுக்கும் இடையில் வேகத்தை அளக்கிற மென்பொருள்) போட்டு, 5 கிகாஹேர்ட்ஸில் வீட்டுக்குள் நடந்து பாருங்கள்.

உப்புவெளிக்காரன்:

நன்றி அக்கா, நடந்து பார்த்தேன். பின் அறையில் 30, 40 மெகாபிட், கதவைச் சாத்தினால் இன்னும் கீழே. ஆனால் படிக்கட்டு ஏறி முடிகிற இடத்தில் 280 வருகிறது! அங்கே கொங்கிறீட் குறுக்கே இல்லை, கீழ் விறாந்தை நேரே தெரியும். அங்கிருந்து அறைக்குக் கிட்டத்தட்ட 9 மீற்றர். தட்டையான கேட் 6 வயரைச் சுவரோரமாக இழுத்து, கதவுக்கு அடியால் விட்டால் துளையே வேண்டாம் போல. மூன்று சாமானுக்கும் அறையில் சுவிட்ச் ஒன்று போட்டால் போதுமா?

உவர்மலை அக்கா:

ஓம், 5 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று காணும். மேல் பெட்டியில் டிஎச்சிபி-யை நிறுத்திவிடுங்கள், முகவரி கொடுக்கிற வேலையை ஃபைபர் ரவுட்டர் மட்டும் பார்க்கட்டும். இரண்டு பெட்டிக்கும் நிலையான முகவரி கொடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். 5 கிகாஹேர்ட்ஸை பிரிட்ஜுக்கே விட்டு, ஃபோன்களுக்கு மேல் பெட்டியின் 2.4-ஐத் திறந்துவிடலாம்.

சாம்பல்தீவான்:

அந்தப் பழைய ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டுத்தான் திரும்பவும் அளக்க வேண்டும், தம்பி. அதே சேனலில் அது நின்றால் இடைஞ்சல்தான். கழற்றினால் 280-இலும் பார்க்கக் கூட வரலாம். வந்தால் இங்கே போடுங்கள்.