வாசல் காங்கிரீட்: உங்கள் வீட்டில் என்ன ஆச்சு?

திண்டுக்கல் வாசல்

போன ஐப்பசியில் முன்வாசலுக்குக் காங்கிரீட் போட்டோம். 22க்கு 14 அடி, நாலு அங்குலக் கனம். தெருப்பக்கம் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) விட்டிருப்பதாக மேஸ்திரி சொன்னார். நானும் கண்ணால் பார்த்துத் தலையாட்டிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மூன்றாவது வாரம் சாயந்திரம் நாலு மணிக்கு நல்ல மழை. காலையில் அம்மா போட்ட கோலம் கரைந்து, பால் மாதிரி வெள்ளையாக, மெதுவாக நிலைப்படியைப் பார்த்து வந்தது. தெருவுக்குப் போக வேண்டிய தண்ணீர். "கோலம் வீட்டுக்குள்ள வருதுடா" என்று அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் டியூப் மட்டம் (உயரம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் குழாய்) வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். 14 அடிக்கு ஒன்றே முக்கால் அங்குலமாவது தெருப்பக்கம் இறங்கியிருக்க வேண்டும். இங்கே வீட்டுப்பக்கம்தான் அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது. அவசரத்துக்கு நிலைப்படி ஓரமாகச் சிமெண்டில் ஒரு வரப்பு கட்டினேன். இப்போது வாசலில் குளம். சுவர் ஓதம் எடுக்கத் தொடங்கிவிட்டது. மொத்தமாக உடைப்பதா, மேலே இன்னொரு பூச்சு போடுவதா?

கரிசல் தாத்தா

உங்களுடையது வாட்டம், என்னுடையது மண். கோவில்பட்டிப் பக்கம். தை மாதம் போட்டோம், மண் ஈரமாக இருந்த நேரம். மேலே இருந்ததை வழித்துவிட்டு நேராக ஜல்லி கொட்டிவிட்டார்கள். வைகாசியில் தளத்தின் நடுவே குறுக்கே ஒரு வெடிப்பு. பேரன் அதில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டான். சத்தமே இல்லை. தடியால் தட்டினால் அடியில் பொக்கென்று கேட்டது. ஈரத்தில் ஊதியிருந்த கரிசல், வெயிலில் சுருங்கிக் கீழே போய்விட்டது. தளம் அந்தரத்தில் நிற்கிறது.

ஒன்றரை அடி தோண்டிக் கரிசலை எடுத்துவிட்டு, சரளை மண் கொட்டி, அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். நாலு லோடு சரளைக் காசை மிச்சம் பிடித்தேன். விரிசலில் எல்லாம் மண்தான் குற்றவாளி என்பது என் கட்சி.

ஈரோட்டுக்காரி

தாத்தா, எங்கள் வாசலுக்கு அடியில் பாறை. அதுவும் விரிந்துதான் இருக்கிறது. மண்மேல் பழி போடுவது கொத்தனாருக்குத்தான் வசதி.

சித்திரை மாதம், உச்சி வெயில், சூடான காற்று. கலவை கையில் ஓட வேண்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் விட்டார்கள். மேலே தண்ணீர் பளபளவென்று ஏறி நின்றது. அதை வற்ற விடாமல் வெறும் சிமெண்டைத் தூவி, மணியாசக் கட்டையால் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டினார்கள். நானும் போட்டோ எடுத்து மாமியாருக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து என் மகள் வாசலில் விளையாடிவிட்டு உள்ளே ஓடி வந்தாள். ஹாலில் வரிசையாக வெள்ளைக் கால் தடம், கிருஷ்ண ஜெயந்திக்கு வரைவது போல. அழகாகத்தான் இருந்தது! துடைத்தேன். மறுநாளும் தடம். தளத்தின் மேல்தோல் மாவாக உதிர்கிறது. சிலந்தி வலை போல முடி விரிசல் வேறு. கடைசியில் மேல்தோலை இறுக்கும் சிலிகேட் திரவம் வாங்கி இரண்டு கை அடித்தோம். புழுதி அடங்கியது, விரிசல் அப்படியே இருக்கிறது.

கரிசல் தாத்தா

அம்மா, உங்களுடையது தலைமுடி விரிசல். என்னுடையதில் காசு போகிறது. இரண்டும் ஒன்றா? உங்களுடையது மேல்தோல் வேகமாகக் காய்ந்ததால் வந்தது. அதை நான் மறுக்கவே இல்லை.

ஈரோட்டுக்காரி

"விரிசலில் எல்லாம்" என்று எழுதியது நீங்கள்தான் தாத்தா. மேலே போய்ப் பாருங்கள்.

கிணற்றடி

நாகர்கோவில். எங்களுக்கு விரிசல் இல்லை, பாசி. இரண்டு மழைக்காலமும் உண்டு, பலாமர நிழலும் உண்டு, கேட்கவா வேண்டும்.

சொல்ல வந்தது வேறு. பின்வாசல் முழுக்கப் பிளீச்சிங் பவுடர் தூவி ஊற வைத்திருந்தேன். ஒரு மூலையில் மட்டும் பச்சை போகவில்லை. கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டிலை எடுத்து வந்து அதன் மேலேயே ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. ஒரு மூச்சுதான் இழுத்திருப்பேன், நெஞ்சுக்குள் யாரோ கத்தியை விட்டது போல. கண் தெரியவில்லை. வாளியை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். இரண்டு நாள் இருமல். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அது குளோரின் வாயுவாம். பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேரவே கூடாது. இதுவே ஒரு கதவடைத்த குளியலறை என்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இன்னொன்று: ஆசிட் விழுந்த அந்த மூலையில் சிமெண்ட் அரித்து ஜல்லி தெரிகிறது. சொரசொரப்பான அந்த இடத்தில்தான் இப்போது பாசி முதலில் பிடிக்கிறது.

பின்வளவு, ஸ்காபரோ

நாங்கள் கனடா. பின்வளவில் ஒக்டோபர் மாதம் கொங்கிறீட் போட்டோம். அம்மா வழுக்கி விழக்கூடாது என்று அந்த வின்ரர் முழுக்கக் கை நிறைய உப்பு எறிந்தேன். பனி உருகிய பிறகு சவளால் தட்டினால், அப்பளம் போலத் தோல் தோலாகக் கழன்று வந்தது. உள்ளே இறங்கிய தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும், அதற்கு இடம் கொடுக்கச் சின்னக் காற்றுக் குமிழிகள் வைத்த கலவைதான் இங்கே போட வேண்டும், புதுத் தளத்துக்கு முதல் வின்ரரில் உப்புப் போடவே கூடாது என்று பிறகுதான் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் சொன்னார். அவர் போன வருசமே சொல்லியிருக்கலாம். இப்போது மணல்தான் தூவுகிறேன்.

முப்பது வருஷ சைட்

என் கதை சின்னது. ஊரார் வீட்டுக்கெல்லாம் மட்டம் பிடித்தவன், என் வீட்டு வாசலில் வேப்பமரத்துக்கு மூன்றடி தள்ளித் தளம் போட்டேன். ஒரு மூலையை வேர் தூக்கிவிட்டது, பைக் ஸ்டாண்ட் நிற்காது. அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதியதையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. திண்டுக்கல் தம்பி, உடைக்காதீர்கள். பழைய தளத்தின் மேல் அரை அங்குலம், முக்கால் அங்குலம் பூச்சு போடவும் போடாதீர்கள். அது ஒட்டாது, ஒரு வருஷத்தில் பொக்காகி ஓடு ஓடாகப் பெயரும். போடுவதென்றால் பழைய தளத்தைக் கொத்தி, கழுவி, புதுசு பழசோடு ஒட்டுவதற்கான ஒட்டுப்பால் தடவி, இரண்டு அங்குலமாவது போட வேண்டும். அதற்கு உங்கள் நிலைப்படி உயரம் இடம் கொடுக்குமா? பெரும்பாலும் கொடுக்காது. நிலைப்படியை ஒட்டி ஆறு அங்குல அகலத்துக்குத் தளத்தை மெஷினால் அறுத்து எடுத்துவிட்டு, ஒரு சானல் (சின்ன வாய்க்கால்) கட்டுங்கள். சானலுக்குள் பக்கவாட்டில் வாட்டம் கொடுத்து, பைப் வைத்துத் தெருவுக்கு இழுங்கள். தண்ணீர் வருகிற இடத்திலேயே அதைப் பிடிப்பதுதான் மலிவு. முதலில் அந்த வரப்பைத் தட்டி எடுங்கள்.

22க்கு 14ஐ ஒரே பாளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து புரிகிறது. நாலு அங்குலத் தளத்தை எட்டு முதல் பத்து அடிக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும். 22ஐ மூன்றாக, 14ஐ இரண்டாக. போட்ட மறுநாளே ஓர் அங்குல ஆழத்துக்கு அறுத்திருந்தால், விரிசல் அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். காங்கிரீட் சுருங்கத்தான் செய்யும், எங்கே விரியலாம் என்று நாம்தான் காட்ட வேண்டும்.

ஈரோட்டு அம்மா, தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்ச வரம்பு, காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 புத்தகத்தில் அட்டவணையே இருக்கிறது. ஈர மணலில் இருக்கிற தண்ணீரும் அந்தக் கணக்கில்தான். ஆனால் நீராற்றலை, அதாவது போட்ட தளத்தைக் காயவிடாமல் ஈரமாக வைப்பதை (க்யூரிங்), பற்றி இங்கே ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை! இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். அதற்குப் பத்து நாளாவது ஈரம் காயக்கூடாது. காலையும் மாலையும் குழாயால் தெளிப்பது நீராற்றல் ஆகாது, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள் அல்லது சாக்குப் போட்டு நனையுங்கள்.

தாத்தா, காசு போகிற விரிசலில் சிமெண்டைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். இரண்டு ஓரத்திலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, ஒரு மழையும் ஒரு கோடையும் பாருங்கள். கோடு நகர்ந்தால் அது உயிருள்ள விரிசல், ரப்பர் மாதிரி இழுபடும் பாலியூரித்தேன் சீலன்ட்தான் தாங்கும்.

நாகர்கோவில்காரருக்கு: பிளீச்சிங்கை மட்டும் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, தேய்த்துக் கழுவினால் போதும். பலாக்கிளையைக் கொஞ்சம் கழியுங்கள். அடுத்த முறை தளம் போட்டால் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள், கால் பிடிக்கும்.

கிணற்றடி

கிளை கழிக்கலாம். பலா காய்க்கிற கிளை அதுதான். வீட்டில் உத்தரவு கிடைக்காது.

திண்டுக்கல் வாசல்

ஐயா, நன்றி. நேற்றே வேறொரு கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினேன். சானல் யோசனை அவருக்கும் பிடித்திருக்கிறது. இந்த முறை டியூப் மட்டத்தின் ஒரு முனையை நான்தான் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வரப்பை இன்று காலை தட்டி எடுத்தாயிற்று.

ஈரோட்டுக்காரி

சானல் மூடி இரும்பா, கல்லா? இரும்பு என்றால் சுவரோடு சங்கிலியால் பூட்டிவிடுங்கள். எங்கள் தெருவில் இரண்டு காணாமல் போயிருக்கிறது.